அயல்நாட்டில் செவிலியர் பணி: உரிமமும் விசாவும்

அயல்நாட்டில் செவிலியர் பணி என்பது, ஒரு நாட்டில் செவிலியர் படிப்பை முடித்துப் பதிவு பெற்ற ஒருவர் வேறொரு நாட்டில் அதே தொழிலைச் செய்வதாகும். இதற்கு இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று, அந்த நாட்டின் செவிலியர் ஒழுங்குமுறை அமைப்பு வழங்கும் தொழில் உரிமம். மற்றொன்று, அந்த நாட்டின் அரசு வழங்கும் வேலை விசா. சில நாடுகளுக்குச் செல்வோர் இவற்றுடன் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதியையும் பெற வேண்டும்.

இந்த அனுமதிகளை வழங்கும் அமைப்புகள் தனித்தனியானவை. ஒன்றின் முடிவு மற்றொன்றைக் கட்டுப்படுத்துவதில்லை. உரிமத் தேர்வில் வென்ற பிறகும் விசா வரிசையில் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க நேரலாம். விசா கிடைத்து விமானம் ஏறிய பிறகும் உரிமம் இல்லாததால் உதவியாளர் வேலையிலேயே நின்றுவிடலாம். செவிலியர்கள் இழக்கும் பணமும் ஆண்டுகளும் பெரும்பாலும் இந்த இரண்டு அனுமதிகளுக்கும் இடைப்பட்ட வெளியில்தான் கரைகின்றன. சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதியிலிருந்து வெளிநாடு செல்ல முயலும் ஒரு செவிலியர் கடக்க வேண்டிய படிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

வடசென்னையும் செவிலியர் தொழிலும்

வடசென்னையின் மருத்துவ வரலாறு பழமையானது. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்ததே இன்றைய அரசு ஸ்டான்லி மருத்துவமனை. முதியவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி 1938-இல் தொடங்கியது. ஸ்காட்லாந்திலிருந்து 1888-இல் வந்த மருத்துவர் மட்டில்டா மெக்பெயில் தொடங்கிய மருத்துவப் பணி, ராயபுரத்தை ஒட்டிய ரெய்னி மருத்துவமனையாக வளர்ந்தது. ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனை, தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனை ஆகியவையும் இப்பகுதியில் உள்ளன. மீனவர், துறைமுகத் தொழிலாளர், ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் பெண்களுக்குச் செவிலியர் படிப்பு, நிலையான வேலைக்கான வழியாக நெடுங்காலமாக இருந்து வருகிறது.

படித்தவர்கள் வெளியேற விரும்புவதற்கு முதற்காரணம் ஊதியம். தனியார் மருத்துவமனைச் செவிலியரின் ஊதியம் குறித்த வழக்கில், குழு ஒன்றை அமைத்துத் தீர்வு காணுமாறு உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 50 படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனையிலும் மாத ஊதியம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அரசுச் செவிலியருக்கு இணையாக வழங்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகவில்லை.

அரசுப் பணியிலும் நிலைமை எளிதாக இல்லை. தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வாணையம் மூலம் 2015-இல் எடுக்கப்பட்ட 7,000-க்கும் மேற்பட்ட செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் போராடினர்.

மறுபுறம், உலகில் செவிலியர் தேவை குறையவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2023-இல் உலகில் 2.98 கோடி செவிலியர்கள் இருந்தனர். பற்றாக்குறை 58 லட்சம். ஏழு செவிலியரில் ஒருவர் தாம் பணிபுரியும் நாட்டில் பிறந்தவர் அல்லர்.

புறப்படும் முன் சென்னையிலேயே எழும் தடைகள்

எந்த நாட்டுக்குச் சென்றாலும் முதல் கேள்வி ஒன்றே: இவர் சொந்த நாட்டில் பதிவு பெற்ற செவிலியரா? தமிழ்நாட்டில் இதற்கு விடை சொல்லும் அமைப்பு சாந்தோமில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம். பதிவுச் சான்றிதழ், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று கூறும் நன்னிலைச் சான்றிதழ், வெளிநாட்டு அமைப்புக்கு நேரடியாக அனுப்பப்படும் சரிபார்ப்பு ஆகியவை இங்கிருந்தே கிடைக்க வேண்டும். பி.எஸ்சி. நர்சிங் பட்டம் பெற்றவர்கள் மதிப்பெண் பட்டியலுக்கும் பாடநேரக் கணக்குக்கும் கல்லூரியையும், கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தையும் நாட வேண்டும். வேறு மாநிலத்தில் படித்தவர் அந்த மாநிலக் குழுமத்தின் சரிபார்ப்பையும் பெற வேண்டியிருக்கும்.

பெயர்: தமிழர்களுக்கே உரிய ஒரு தடை பெயரில் உள்ளது. பள்ளிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் பெயரும் மட்டும் இருக்கும். கடவுச்சீட்டில் அந்த முன்னெழுத்து விரிந்து தந்தையின் முழுப்பெயராகிக் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அமரும். திருமணத்துக்குப் பின் எடுத்த ஆவணத்தில் கணவர் பெயர் வரும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி இருக்கும். உள்ளூரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால், தேர்வு நிலையத்தில் பதிவுப் பெயரும் கடவுச்சீட்டுப் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் தேர்வு எழுத அனுமதி கிடைக்காது. கட்டிய கட்டணமும் போகும். பெயர் திருத்தத்தை முதல் விண்ணப்பத்துக்கு முன்பே முடிப்பது நல்லது. பாதிவழியில் பெயரை மாற்றினால், அதுவரை வாங்கிய சான்றுகள் பலவற்றை மறுபடி வாங்க நேரும்.

பணி அனுபவம்: வளைகுடா நாடுகளில் பெரும்பாலான பணியிடங்களுக்குப் பதிவுக்குப் பிந்தைய அனுபவம், வழக்கமாக இரண்டு ஆண்டுகள், கேட்கப்படுகிறது. சான்றிதழைச் சரிபார்க்கும் நிறுவனம் அந்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்கும். பணியமர்த்தல் கடிதமோ ஊதியச் சீட்டோ தராமல் சம்பளத்தைக் கையில் கொடுக்கும் சிறு மருத்துவமனைகளில் வேலை செய்தவருக்கு இங்கே சிக்கல் எழுகிறது. மருத்துவமனை மூடப்பட்டிருந்தாலோ, மனிதவளப் பிரிவு பதில் எழுதாவிட்டாலோ, உண்மையில் செய்த வேலைகூடச் சரிபார்க்க இயலாதது என்று பதிவாகிவிடும். ஒப்பந்தக் காலம் முடியும்வரை மூலச் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கமும் சில தனியார் மருத்துவமனைகளில் உள்ளது. அப்படிக் கொடுத்தவர் விண்ணப்பிக்கவே முடியாமல் காத்திருக்க நேர்கிறது.

சான்றொப்பம்: பட்டத்தையும் பதிவுச் சான்றிதழையும் வெளிநாட்டில் செல்லுபடியாக்க வெளியுறவு அமைச்சகத்தின் சான்றொப்பம் தேவைப்படலாம். ஹேக் உடன்படிக்கையில் உள்ள நாடுகளுக்கு அபோஸ்டில் முத்திரை போதும். இந்தியாவில் அந்த உடன்படிக்கை 2005 முதல் நடைமுறையில் உள்ளது. சவுதி அரேபியா 2022-இல் இணைந்தது. ஐக்கிய அரபு அமீரகம் போன்று இணையாத நாடுகளுக்கு, அமைச்சகச் சான்றொப்பத்துக்குப் பிறகு அந்நாட்டுத் தூதரக முத்திரையும் வேண்டும்.

வளைகுடா நாடுகள்

வளைகுடா நாடுகளில் உரிமத்துக்கு மூன்று கட்டங்கள் உள்ளன. முதலாவது ஆவணச் சரிபார்ப்பு. இதைப் பெரும்பாலும் டேட்டாஃப்ளோ நிறுவனம் செய்கிறது. இரண்டாவது கணினிவழித் தேர்வு. இது புரோமெட்ரிக் போன்ற தேர்வு நிலையங்களில் நடப்பதால், செவிலியர்கள் இதைப் 'புரோமெட்ரிக் தேர்வு' என்றே சொல்கின்றனர். மூன்றாவது, வேலை தரும் மருத்துவமனை வழியாக உரிமத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது.

ஒரே நாட்டுக்குள்ளும் உரிமம் ஒன்றாக இருப்பதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் துபாய்க்குத் துபாய் சுகாதார ஆணையமும், அபுதாபிக்கு அங்குள்ள சுகாதாரத் துறையும், பிற அமீரகங்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகமும் உரிமம் வழங்குகின்றன. மேலும், தேர்வில் வென்றவுடன் கிடைப்பது தகுதிக் கடிதம் மட்டுமே. அது குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். அதற்குள் வேலை தரும் நிறுவனம் கிடைக்காவிட்டால் மீண்டும் விண்ணப்பிக்க நேரும். விசாவுக்கு முன் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும். பழைய காசநோய்த் தழும்பு மார்பு எக்ஸ்ரேயில் தெரிந்தால் தகுதியின்மை அறிவிக்கப்படக்கூடும் என்பதைச் செவிலியர்கள் அறிந்திருக்க வேண்டும்.

குடிபெயர்வு அனுமதி

1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி இந்தியக் கடவுச்சீட்டுகள் இரு வகைப்படும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டில், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும். சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா, ஈராக், லிபியா ஆகியவை அந்த 18 நாடுகளில் அடங்கும். செவிலியர்கள் பன்னிரண்டாம் வகுப்புக்கு மேல் படித்தவர்கள் என்பதால் அவர்களின் கடவுச்சீட்டில் இந்தக் குறிப்பு இருப்பதில்லை. எனவே, அவர்களுக்கு இந்த அனுமதி தேவைப்படாமல் இருந்தது.

2014-இல் நிலைமை மாறியது. ஈராக்கின் திக்ரித் நகர மருத்துவமனையில் பணிபுரிந்த 46 இந்தியச் செவிலியர்கள் உள்நாட்டுப் போரில் சிக்கிக்கொண்டனர். பெரும்பாலோர் கேரளத்தினர், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவரும் இருந்தார். ஆயுதக் குழுவினரால் மோசுலுக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின் விடுவிக்கப்பட்ட அவர்கள், 2014 ஜூலை 5 அன்று கொச்சிக்கு வந்து சேர்ந்தனர். அவர்களில் பலர் படிப்புக்கும் முகவர் கட்டணத்துக்கும் கடன் வாங்கியிருந்தனர். அங்கே சம்பளப் பாக்கியும் இருந்தது. போர் நெருங்கியபோதும் வெறுங்கையுடன் திரும்பத் தயங்கியதற்கு அதுவே காரணம் என்று அப்போது செய்திகள் வெளியாகின.

அடுத்த ஆண்டு, குவைத் நாட்டுப் பணிக்காகச் சட்டப்படி 19,500 ரூபாய் மட்டுமே வாங்க வேண்டிய ஒரு முகவர் நிறுவனம் ஒவ்வொரு செவிலியரிடமும் 19.5 லட்சம் ரூபாய் வரை வாங்கியதாக மத்தியப் புலனாய்வுத் துறை கொச்சியில் வழக்குப் பதிந்தது. இந்தப் பின்னணியில், அந்த 18 நாடுகளுக்குச் செல்லும் எல்லாச் செவிலியருக்கும், கடவுச்சீட்டு எவ்வகையாக இருந்தாலும், குடிபெயர்வு அனுமதி கட்டாயம் என்று 2015-இல் மத்திய அரசு ஆணையிட்டது. ஆட்சேர்ப்பை அரசு நிறுவனங்கள் வழியாக நடத்தவும் வகைசெய்தது. முதலில் கேரளத்தின் நோர்கா ரூட்ஸ், ஒடெபெக் ஆகியவையும், பின்னர் 1978-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இதற்கு அனுமதி பெற்றன.

இந்த அனுமதி இ-மைகிரேட் என்ற மத்திய அரசின் இணையதளம் வழியாக நடைபெறுகிறது. வெளிநாட்டு முதலாளியும் அதில் பதிவு செய்ய வேண்டும்; வேலை ஒப்பந்தமும் அதில் இடம்பெற வேண்டும். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் உள்ளது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் எடுக்கப்படும். இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய் பிரீமியத்தில் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் திட்டம் இது.

'முதலில் சுற்றுலா விசாவில் போய்விடுங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்' என்று சில முகவர்கள் கூறுவது, இந்த அனுமதியைத் தவிர்ப்பதற்கே. அப்படிச் சென்றவரின் ஒப்பந்தம் இந்திய அரசின் பதிவில் இராது. சம்பளம் வராவிட்டாலும், கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டாலும், முறையிடக் கையில் ஆதாரம் இராது.

பிரிட்டன்

பிரிட்டனில் உரிமம் வழங்குவது செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் கவுன்சில், சுருக்கமாக என்.எம்.சி. அண்மை ஆண்டுகளில் அங்கே புதிதாகப் பதிவு பெற்ற வெளிநாட்டுச் செவிலியரில் இந்தியர்களே அதிகம்.

மொழித் தகுதிக்கு ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் படித்தல், கேட்டல், பேசுதல் ஆகியவற்றில் 7, எழுதுதலில் 6.5 பெற வேண்டும். அல்லது மருத்துவத் துறையினருக்கான ஓ.இ.டி. தேர்வில் முதல் மூன்றில் பி நிலையும் எழுதுதலில் சி பிளஸ் நிலையும் பெற வேண்டும். 2018 டிசம்பர் வரை எழுதுதலிலும் 7 கேட்கப்பட்டது. அந்த அரை மதிப்பெண்ணுக்காக மட்டும் பலர் மீண்டும் மீண்டும் தேர்வு எழுதினர். இந்தியாவில் செவிலியர் கல்வி ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆயினும், ஆங்கிலத்தைப் பெரும்பான்மையோர் பேசும் நாடு அல்ல என்பதால் அது மட்டும் போதுமான சான்றாக ஏற்கப்படுவதில்லை. பிரிட்டனில் ஏற்கெனவே பதிவில்லாத சுகாதாரப் பணியில் இருப்பவர், மொழித் தேர்வில் நூலிழையில் தவறியிருந்தாலோ ஆங்கிலத்தில் படித்திருந்தாலோ, தம் முதலாளியின் சான்றைத் துணையாகக் காட்டலாம் என்ற தளர்வு 2023-இல் வந்தது.

தொழில் தகுதித் தேர்வு இரு பகுதிகள் கொண்டது. முதற்பகுதி கணினிவழித் தேர்வு. மருந்து அளவுக் கணக்குகளும் மருத்துவக் கேள்விகளும் கேட்கப்படும். இதை இந்தியாவிலேயே எழுதலாம். இரண்டாம் பகுதியான 'ஆஸ்கி' என்னும் செய்முறைத் தேர்வு பிரிட்டனில்தான் நடக்கிறது. அதில் பத்து நிலையங்கள் உள்ளன. நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து கொடுப்பது போன்றவற்றைத் தேர்வாளர் முன் செய்துகாட்ட வேண்டும்.

ஆகவே, பிரிட்டனுக்குச் செல்லும் செவிலியர் உரிமம் பெறும் முன்பே விசாவில் செல்கிறார். 2020-இல் வந்த சுகாதார மற்றும் பராமரிப்புப் பணியாளர் விசாவின் விதிப்படி, பணியில் சேர்ந்த 12 வாரத்துக்குள் ஆஸ்கி தேர்வை முதன்முறை எழுத வேண்டும். எட்டு மாதத்துக்குள் பதிவு பெற வேண்டும். அதுவரை அவர் உதவியாளர் நிலை ஊதியத்தில் இருப்பார். ஒரு விண்ணப்பத்தில் மூன்று வாய்ப்புகள் உண்டு. மூன்றிலும் தவறினால் பதிவு மட்டும் தள்ளிப்போவதில்லை, விசாவே ஆபத்துக்குள்ளாகிறது.

அமெரிக்கா

அமெரிக்காவில் செவிலியர் உரிமத்தை ஒவ்வொரு மாநில வாரியமும் தனித்தனியே வழங்குகிறது. தேர்வு ஒன்றே: என்கிளெக்ஸ். 2023 ஏப்ரல் முதல் அது புதிய வடிவில் நடக்கிறது; ஐந்து மணி நேரத்தில் 85 முதல் 150 கேள்விகள் வரை வரும். எழுதுபவரின் விடைக்கேற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறும். தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். மருத்துவம், அறுவை, குழந்தைகள் நலம், மகப்பேறு, மனநலம் ஆகிய பிரிவுகளில் எத்தனை மணிநேரம் பாடமும் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றார் என்பதை மாநில வாரியங்கள் கணக்கிட்டுப் பார்க்கும். எனவே, பாடநேரப் பட்டியலை முழுமையாகத் தரும் கல்லூரியில் படித்தது இங்கே பயன்படும்.

அமெரிக்காவில் தடை உரிமத்தைவிட விசாவில்தான் பெரிது. செவிலியர் பற்றாக்குறைத் தொழிலாகப் பட்டியலிடப்பட்டிருப்பதால், அமெரிக்கரைத் தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்று முதலாளி நிரூபிக்க வேண்டியதில்லை. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்வி, உரிமம், ஆங்கிலம் மூன்றையும் சரிபார்க்கும் விசாஸ்கிரீன் சான்றிதழ் வேண்டும். இவை எல்லாம் முடிந்தாலும், செவிலியர்கள் பெரும்பாலும் இபி-3 என்ற குடியேற்றப் பிரிவில்தான் செல்ல முடியும். அப்பிரிவில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டு ஒதுக்கீட்டில் சுமார் 7 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்காது. இந்தியாவிலிருந்து பொறியாளர்கள் உட்படப் பலரும் அதே வரிசையில் நிற்கின்றனர். 2024-ஆம் ஆண்டில் அந்த வரிசை 2012-இல் விண்ணப்பித்தவர்களிடம்தான் வந்திருந்தது.

இதன் பொருளை எண்ணிப் பார்க்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுக்கே செல்லும்; விசாஸ்கிரீன் ஐந்து ஆண்டுக்கே செல்லும். விசா முறை வரும்போது கையில் உள்ள தாள்கள் காலாவதியாகியிருக்கும். 'என்கிளெக்ஸ் தேறினால் ஆறு மாதத்தில் அமெரிக்கா' என்ற விளம்பரம் இந்தியாவில் பிறந்தவர்களுக்குப் பொருந்தாது. வரிசை, குடியுரிமையைக்கூடப் பார்ப்பதில்லை. பிறந்த நாட்டையே பார்க்கிறது. வளைகுடாவில் இருந்து விண்ணப்பித்தாலும் எண்ணூரில் பிறந்தவர் இந்திய வரிசையில்தான் நிற்பார்.

ஜெர்மனி

ஜெர்மனியில் விசா ஒப்பீட்டளவில் விரைவாகக் கிடைக்கும், மொழியே பெருந்தடை. 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திறன்பணியாளர் குடியேற்றச் சட்டம் இதற்கு வழி திறந்தது. பொதுவாக பி1 அல்லது பி2 நிலை ஜெர்மன் தேர்ச்சியுடன் செல்கின்றனர். செவிலியராக முழு அங்கீகாரம் பெறப் பெரும்பாலும் பி2 நிலை கேட்கப்படுகிறது. அந்நாட்டு மாநில அதிகாரிகள் இந்தியப் படிப்பை ஜெர்மானியப் படிப்புடன் ஒப்பிட்டு, எவை குறைவு என்று கடிதம் தருவர். அந்தக் குறையை ஈடுசெய்யத் தகவமைப்புப் பயிற்சி அல்லது அறிவுத் தேர்வு, இரண்டில் ஒன்றை முடிக்க வேண்டும். அதுவரை உதவியாளராகவே பணி.

சென்னையில் கோத்தே நிறுவனம் மாக்ஸ் முல்லர் பவன் என்ற பெயரில் ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வும் நடத்துகிறது. தொடக்க நிலையிலிருந்து பி2 வரை செல்ல வழக்கமாக ஓராண்டுக்குக் குறையாத இடைவிடாத படிப்பு வேண்டும். இரவுப் பணி பார்த்துக்கொண்டு பகலில் மொழி படிப்பவருக்கு அது இன்னும் நீளும்.

ஜெர்மனி, கேரள அரசுடன் 2021-இல் ஓர் உடன்பாடு செய்து 'டிரிபிள் வின்' திட்டத்தில் செவிலியரை எடுக்கத் தொடங்கியது. அத்திட்டத்தில் மொழிப் பயிற்சிச் செலவைச் செவிலியர் ஏற்பதில்லை. முதலாளியோ அரசோ செலவை ஏற்கும் வழி இருக்கிறது என்பதற்கு இது சான்று.

உரிமம் இல்லாத விசா

விசா மட்டும் கிடைத்து உரிமம் கிடைக்காதவருக்கு நேர்வது தொழில் தகுதி இறக்கம். நான்கு ஆண்டு பி.எஸ்சி. படித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்தவர், முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராகச் சேர்கிறார். அந்த வேலை இழிவானது அன்று. ஆனால், அந்த அனுபவம் செவிலியர் அனுபவமாகக் கணக்கில் வராது. ஓரிரு ஆண்டுகள் கழிந்தபின், 'கடைசியாக எப்போது செவிலியராகப் பணிபுரிந்தீர்கள்' என்ற கேள்விக்குச் சொல்லும் விடை பலவீனமாகிவிடும்.

2022-இல் பராமரிப்பாளர்களுக்கும் பிரிட்டன் அந்த விசாவைத் திறந்தபோது இந்தியச் செவிலியர் பலர் இவ்வழியில் சென்றனர். 2024 மார்ச் முதல் பராமரிப்பாளர் தம் கணவர், குழந்தைகளை உடன் அழைத்துச்செல்ல முடியாது. 2025 ஜூலை முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுப்பதே நிறுத்தப்பட்டது. செவிலியருக்கான விசா தொடர்கிறது. ஒரே விமானத்தில் சென்ற இருவரில், உரிமத்தை நோக்கிச் சென்றவருக்கும் விசாவை மட்டும் நோக்கிச் சென்றவருக்கும் உள்ள வேறுபாடு இதில் தெளிவாகிறது.

முகவர் கட்டணம்

இந்தியக் குடிபெயர்வு விதிகளின்படி, பதிவு பெற்ற முகவர் ஒருவர் பணியாளரிடம் வாங்கக்கூடிய அதிகபட்ச சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் ஆகும். 18 விழுக்காடு வரியுடன் மொத்தம் 35,400 ரூபாய். இதை ரசீதுடன் வாங்க வேண்டும். பிரிட்டனின் ஆட்சேர்ப்பு நெறிமுறை, வேலை தேடித்தருவதற்காகச் செவிலியரிடம் கட்டணம் வாங்குவதையே தடை செய்கிறது.

ஆனாலும், லட்சக்கணக்கில் பணம் கைமாறுகிறது. அதற்குக் காரணம் செவிலியரின் அறியாமை மட்டும் அன்று. குழுமம், பல்கலைக்கழகம், சரிபார்ப்பு நிறுவனம், தேர்வு நிறுவனம், தூதரகம் என்று பிரிந்து கிடக்கும் படிகளை ஒன்றாகப் பார்ப்பவர் முகவர் ஒருவரே. எந்தத் தாள் எங்கே நிற்கிறது என்ற செய்தியைத்தான் அவர் விற்கிறார். நகையை அடகு வைத்து முன்பணம் கட்டிய குடும்பம், அதன் பிறகு கேள்வி கேட்கத் தயங்குகிறது.

வரிசையும் காலக்கெடுவும்

வீண் செலவைக் குறைக்க, ஆவணங்களைப் பெறும் வரிசை முக்கியம். நெடுங்காலம் செல்லுபடியாகும் தாள்களை முதலிலும், விரைவில் காலாவதியாகும் தாள்களைக் கடைசியிலும் பெறுவதே பொது விதி.

1. கடவுச்சீட்டு, கல்விச் சான்றுகள், குழுமப் பதிவு ஆகியவற்றில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக உள்ளனவா என்று பார்த்துத் திருத்துதல்.

2. செல்ல வேண்டிய நாட்டை முடிவு செய்தல். அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் இணையதளத்தில் தற்போதைய விதிகளை நேரடியாகப் படித்தல். விதிகள் அடிக்கடி மாறுவதால் பழைய காணொளிகளையும் நண்பர்களின் அனுபவத்தையும் மட்டும் நம்புவது போதாது.

3. பணியில் சேரும் நாளிலிருந்தே பணியமர்த்தல் கடிதம், ஊதியச் சீட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம், விடுவிப்புக் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து வைத்தல்.

4. மொழித் தேர்வு. மதிப்பெண் இரண்டு ஆண்டுக்கே செல்லும் என்பதால், மற்ற ஆவணங்கள் பெரும்பாலும் தயாரான பிறகு எழுதுதல்.

5. ஆவணச் சரிபார்ப்பும் உரிமத் தேர்வும்.

6. எழுத்து வடிவிலான வேலை ஒப்பந்தம். அதில் பதவியின் பெயர் செவிலியர் என்று இருக்கிறதா, உரிமம் பெறும்வரை ஊதியம் எவ்வளவு, தேர்வில் தவறினால் என்ன ஆகும், இடையில் விலகினால் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற நான்கையும் பார்த்தல்.

7. நன்னிலைச் சான்றிதழ், காவல்துறைச் சான்று, மருத்துவப் பரிசோதனை. இவை சில மாதங்களுக்கே செல்லும் என்பதால் கடைசியில் எடுத்தல்.

8. 18 நாடுகளில் ஒன்றாயின் இ-மைகிரேட் வழியாகக் குடிபெயர்வு அனுமதி. முகவரின் பதிவு எண்ணையும் அதே தளத்தில் சரிபார்த்தல்.

ஊரில் எஞ்சும் கேள்வி

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வகுத்த ஆட்சேர்ப்பு நடத்தை நெறி, பற்றாக்குறை உள்ள நாடுகளிலிருந்து முனைப்புடன் ஆளெடுக்கக் கூடாது என்கிறது. 2023-இல் அது வெளியிட்ட 55 நாடுகளின் பாதுகாப்புப் பட்டியலில் இந்தியா இல்லை. எனவே, இந்தியச் செவிலியரை எடுக்க உலகளவில் தடையில்லை.

ஆனால், அனுபவம் வாய்ந்த செவிலியர் ஊரில் எதற்குத் தேவைப்படுகிறார் என்பதை வடசென்னை நன்கு அறியும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. மூச்சுத்திணறலுடன் வீடுகளை விட்டு ஓடிவந்தவர்களில் பலர் திருவொற்றியூர்த் தனியார் மருத்துவமனைகளிலும் ஸ்டான்லியிலும் சேர்க்கப்பட்டனர். இத்தகைய இரவுகளில் முதலில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டுபவர் செவிலியரே.

வெளிநாடு செல்வது ஒருவரின் உரிமை. அதைத் தடுப்பதற்காகத் தாள்களைச் சிக்கலாக்குவது, செவிலியரை ஊரில் நிறுத்திவைப்பதில்லை, முகவரிடம்தான் அனுப்பிவைக்கிறது. சரிபார்ப்பு விரைவாக நடந்தால், கட்டண வரம்பு உண்மையாகவே அமலானால், போகிறவர் கடனில்லாமல் செவிலியராகவே போவார். உள்ளூரில் 2016-ஆம் ஆண்டுப் பரிந்துரையின்படியாவது ஊதியம் கிடைத்தால், இருக்க விரும்புபவர் இங்கேயே இருப்பார்.